8 ஜிபி போட்டும் 4 ஜிபிதான் காட்டுகிறதா? ரேம் எங்கே காணாமல் போகிறது என்று கண்டுபிடிக்கும் வழி

புதிதாக ஒரு ரேம் வாங்கிப் போட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்தால், பழைய எண்ணே நிற்கிறது. அல்லது எண் கூடியிருக்கிறது, ஆனால் பக்கத்திலேயே இன்னொரு சின்ன எண்ணும் இருக்கிறது. பலர் உடனே "ரேம் டூப்ளிகேட்" என்று முடிவு கட்டிக் கடைக்குத் திரும்புகிறார்கள். என் கைக்கு வந்த மெஷின்களில் ரேமே கெட்டிருந்தது குறைவுதான். ஸ்லாட் (ரேமைச் செருகும் இடம்), ப்ராசஸர் சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்), பயாஸ் (விண்டோஸுக்கு முன் எழுந்து மெஷினைச் சோதிக்கும் நிரல்) அமைப்பு, விண்டோஸ் என்று வேறு எங்கோதான் கோளாறு இருக்கும். எவ்வளவு குறைகிறது, எந்த இடத்தில் குறைகிறது என்ற இரண்டையும் சரியாகக் குறித்துக்கொண்டால் காரணம் பாதி தெரிந்த மாதிரி.

முதலில் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

ஒன்று, பயாஸ் காட்டும் எண். ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திறக்கும். லேப்டாப்புகளில் கம்பெனிக்குக் கம்பெனி விசை மாறும். முதல் பக்கத்திலேயே மொத்த மெமரி எவ்வளவு என்று இருக்கும். பல போர்டுகளில் (மதர்போர்டு) எந்த ஸ்லாட்டில் எத்தனை ஜிபி என்றும் தனித்தனியாகக் காட்டும்.

இரண்டாவதும் மூன்றாவதும் விண்டோஸில் ஒரே வரியில் இருக்கின்றன. செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் 'இன்ஸ்டால்டு ரேம்' என்ற இடத்தில் ஓர் எண்ணும், அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'யூசபிள்' என்று இன்னோர் எண்ணும் இருக்கும். முதல் எண் போர்டில் எவ்வளவு செருகியிருக்கிறது என்று பயாஸ் சொன்னது. இரண்டாவது, விண்டோஸ் கையில் உண்மையில் கிடைத்தது.

கூடவே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தட்டுங்கள். கீழே 'ஸ்லாட்ஸ் யூஸ்டு', 'ஹார்டுவேர் ரிசர்வ்டு' என்று இரண்டு வரிகள் இருக்கும். ஹார்டுவேர் ரிசர்வ்டு என்பதில் நூறு, இருநூறு எம்பி இருந்தால் அது இயல்பு. 8 ஜிபிக்கு 7.8 அல்லது 7.9 யூசபிள் என்று வந்தால் எதையும் நோண்ட வேண்டாம்.

கையில் லினக்ஸ் பென் டிரைவ் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்து பூட் செய்து மெமரி அளவைப் பாருங்கள். அங்கே முழுசாகத் தெரிந்தால் போர்டும் ரேமும் சரி, குற்றம் விண்டோஸ் பக்கம். அங்கேயும் குறைந்தால் விண்டோஸை ரீஇன்ஸ்டால் செய்து ஒரு நாளை வீணாக்க வேண்டியதில்லை.

பயாஸிலேயே ஒரு ரேம் முழுசாகக் காணோம்

4 ஜிபி இரண்டு போட்டிருக்கிறீர்கள், பயாஸ் 4 என்கிறது. இரண்டில் ஒரு ஸ்லாட் காலி என்று காட்டுகிறது. இங்கே முதல் சந்தேகம், ரேம் சரியாக உட்காரவில்லை என்பதுதான். பலர் பயந்து பயந்து மெதுவாக அழுத்துவார்கள். இரண்டு முனையிலும் கட்டைவிரலை வைத்து நேராக அழுத்த வேண்டும், கிளிப் 'டக்' என்று தானாக ஏறி மூட வேண்டும். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கிளிப் இருக்கும். அவற்றில் கிளிப் இல்லாத பக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்பது கண்ணுக்கே தெரியாது. விரலால் தடவிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கழற்றுவதற்கு முன் கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். லேப்டாப் என்றால் உள் பேட்டரியின் கனெக்டரையும் கழற்ற வேண்டும்.

அடுத்தது சுத்தம் செய்வது. ரேமின் தங்கப் பட்டைகளில் தூசியும் ஈரமும் சேர்ந்து மெல்லிய படலம் பிடிக்கும். வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டால் போதும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் அதைத் துணியில் நனைத்துத் துடைப்பது இன்னும் நல்லது. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், தங்கப்பூச்சு போனால் திரும்ப வராது. ரேமைத் தேய்க்கிற பலர் ஸ்லாட்டை மறந்துவிடுகிறார்கள். ஸ்லாட்டுக்குள் ஊதும்போது வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். ப்ளோயரோ காய்ந்த சின்ன பிரஷ்ஷோ போதும்.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் மட்டும் போடுவதானால், பெரும்பாலான போர்டுகளில் ப்ராசஸரிலிருந்து எண்ணி 2-வது, 4-வது ஸ்லாட்டில் போடச் சொல்வார்கள். ஏ2, பி2 என்று போர்டிலேயே அச்சிட்டிருக்கும்.

லேப்டாப்புக்கு இன்னொரு விஷயம். 4-ஆம் தலைமுறை இன்டெல்லின் யூ வகை ப்ராசஸர் உள்ள லேப்டாப்புகள் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் ரேமைத்தான் ஏற்கும் (டிடிஆர் எண் ரேமின் தலைமுறையைச் சொல்கிறது). 1.5 வோல்ட் பழைய டிடிஆர்3 அதே ஸ்லாட்டில் அப்படியே பொருந்தும், வெட்டும் ஒன்றுதான், ஆனால் வேலை செய்யாது. லேபிளில் '3' என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'எல்' எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஒரு ரேமில் பாதி மட்டும் தெரிகிறது, அல்லது பழைய போர்டு புது ரேமை ஏற்கவே இல்லை

ஒற்றை 4 ஜிபி ரேம் 2 ஜிபி என்று தெரிந்தால், அது அழுக்கால் வருவது அரிது. ரேமைத் திருப்பி அதன் மேலிருக்கும் கறுப்புச் சிப்புகளை எண்ணுங்கள். 4 ஜிபி டிடிஆர்3 ரேம் இரண்டு விதமாக வரும். ஒவ்வொன்றும் 2 ஜிகாபிட் கொண்ட 16 சிப்புகள், பக்கத்துக்கு எட்டாக, என்பது ஒன்று. ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட் கொண்ட 8 சிப்புகள், ஒரே பக்கத்தில், என்பது இன்னொன்று. 8 ஜிகாபிட் சேர்ந்தால் 1 ஜிபி, அதனால் கணக்கு இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் ஜி41 சிப்செட் (போர்டின் பகுதிகளை இணைக்கும் சிப்) மாதிரியான பழைய இன்டெல் போர்டுகளுக்கு 2 ஜிகாபிட்டுக்கு மேல் உள்ள சிப்பைக் கையாளத் தெரியாது. சில போர்டுகள் பீப் ஒலியோடு நின்றுவிடும், சில பாதியை மட்டும் காட்டும். அந்த மாதிரி போர்டுக்கு 16 சிப் ரேமைக் கேட்டு வாங்குங்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய ரேம் விற்கும் கடைகளில் "ஜி41 போர்டுக்கு" என்று சொல்லிக் கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள்.

ஆன்லைனில் பாதி விலைக்கு 'ஏஎம்டி போர்டுக்கு மட்டும்' என்று விற்கும் டிடிஆர்2, டிடிஆர்3 ரேம்களும் இதே குடும்பம்தான். சிப் அடுக்கும் முறை வேறு, பழைய ஏஎம்டி ப்ராசஸர்கள் அதைப் புரிந்துகொள்ளும், இன்டெல் புரிந்துகொள்ளாது. சர்வரிலிருந்து கழற்றிய ரிஜிஸ்டர்டு ரேமும் சாதாரண டெஸ்க்டாப் போர்டில் வேலைக்கு ஆகாது. விலை மலிவு என்றால் விளம்பரத்தின் கடைசி வரி வரை படித்துவிடுங்கள்.

போர்டின் உச்சவரம்பும் இங்கேதான் வருகிறது. நம் ஊரில் இன்றும் நிறைய ஓடிக்கொண்டிருக்கும் எச்61 போர்டுகளில் இரண்டே ஸ்லாட், ஸ்லாட்டுக்கு 8 ஜிபி, மொத்தம் 16. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

'இன்ஸ்டால்டு' முழுசாக இருக்கிறது, 'யூசபிள்' 3.2-இலிருந்து 3.5 ஜிபிக்குள் நிற்கிறது

4 ஜிபி போட்டாலும் 8 ஜிபி போட்டாலும் 3.4 பக்கத்திலேயே நின்றால், அபவுட் பக்கத்தில் 'சிஸ்டம் டைப்' வரியைப் பாருங்கள். '32-பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம்' என்று இருக்கும்.

32 பிட்டில் எழுத முடிந்த முகவரிகள் மொத்தம் 429,49,67,296. அதாவது 4 ஜிபி. ஒரு தெருவுக்கு இத்தனை கதவு எண்தான் என்று நகராட்சி ஒதுக்கிவிட்ட மாதிரி. அந்தத் தெருவில் ரேம் மட்டும் குடியிருக்கவில்லை. கிராஃபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு, பயாஸ் எல்லாவற்றுக்கும் கதவு எண் வேண்டும், அவை தெருவின் கடைசிப் பக்கத்து எண்களை எடுத்துக்கொள்கின்றன. அந்த எண்களில் இருக்க வேண்டிய ரேம், வீடு இருந்தும் விலாசம் இல்லாமல் நிற்கிறது. அதனால்தான் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றினால் யூசபிள் எண் கொஞ்சம் ஏறுவதைப் பார்க்கலாம்.

இதற்கு மருந்து 64-பிட் விண்டோஸ் ஒன்றுதான். அதே 'சிஸ்டம் டைப்' வரியின் பின்பாதியில் 'எக்ஸ்64 ப்ராசஸர்' என்று இருந்தால் உங்கள் மெஷின் அதைத் தாங்கும். உரிமத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அதே பதிப்பாக இருந்தால் 32-பிட்டுக்கு வாங்கிய உரிமம் 64-பிட்டுக்கும் செல்லும். ஆனால் மேலேயே அப்டேட் செய்ய முடியாது, சி டிரைவைத் துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். டெஸ்க்டாப்பிலும் டாகுமென்ட்ஸிலும் இருப்பதை எல்லாம் முதலில் வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள்.

அப்புறம், டிடிபி கடை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பழைய 16-பிட் மென்பொருள்கள் 64-பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது. பழைய பிரிண்டருக்கு 64-பிட் டிரைவர் கிடைக்காமலும் போகலாம். பிழைப்பே அந்தப் பழைய மென்பொருளில் ஓடுகிறது என்றால், அது புது விண்டோஸில் வருமா என்று வேறொரு மெஷினில் சோதித்த பிறகு மாற்றுங்கள். அதுவரை 3.4 ஜிபி இருந்துவிட்டுப் போகட்டும்.

64-பிட் போட்ட பிறகும் 3.2-இலேயே நிற்கிறதா? பழைய போர்டுகளின் பயாஸில் 'மெமரி ரீமேப்' என்ற அமைப்பு இருக்கும், அதை எனேபிள் செய்யுங்கள். விலாசம் இழந்த ரேமுக்கு 4 ஜிபி எல்லைக்கு அப்பால் புது எண் கொடுக்கும் வேலை அது. 945 சிப்செட் போர்டுகளில் மட்டும் எதுவும் செய்ய முடியாது. சிப்செட்டே 32-பிட் முகவரிக்கு மேல் போகாது.

அரை ஜிபி, 1 ஜிபி, 2 ஜிபி என்று உருண்டையாகக் குறைகிறது

8 ஜிபிக்கு 5.9 யூசபிள், ஹார்டுவேர் ரிசர்வ்டு 2.1 ஜிபி. ப்ராசஸர் பெயர் ரைசன், கடைசியில் 'ஜி' எழுத்து, உதாரணத்துக்கு ரைசன் 5 5600ஜி. இதை வைத்தே சொல்லிவிடலாம்: தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால் ப்ராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் உங்கள் ரேமிலிருந்து 2 ஜிபியைத் தனக்கென்று வெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறது. ரைசன் லேப்டாப்புகளிலும் இதே கதைதான். பழுது எதுவும் இல்லை.

டெஸ்க்டாப் போர்டு என்றால் பயாஸில் 'யூஎம்ஏ ஃப்ரேம் பஃபர் சைஸ்' என்று தேடுங்கள். இன்டெல் போர்டில் அதே விஷயம் 'டிவிஎம்டி ப்ரீ-அலொகேட்டட்' என்று இருக்கும். அதை 512 எம்பிக்கு இறக்கினால் மீதி உங்களுக்குத் திரும்பி வரும். தேவைப்படும்போது விண்டோஸே ரேமிலிருந்து கிராஃபிக்ஸுக்குப் பங்கு கொடுக்கும், அதனால் படம் பார்ப்பதும் அலுவலக வேலையும் பாதிக்காது. 8 ஜிபி மெஷினில் நான் யோசிக்காமல் இறக்கிவிடுவேன். 16 ஜிபி வைத்துக்கொண்டு கேம் விளையாடுபவர்கள் 2 ஜிபியை அப்படியே விட்டுவிடலாம், சில கேம்கள் ஆரம்பிக்கும்போதே ஒதுக்கிய கிராஃபிக்ஸ் மெமரி எவ்வளவு என்று கேட்கும்.

பல லேப்டாப் பயாஸில் இந்த அமைப்பையே மறைத்து வைத்திருப்பார்கள். அதைத் திறக்க யாரோ மாற்றி எழுதிய பயாஸை ஏற்றச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் மெஷினே போய்விடும். அந்தக் காசுக்கு இன்னொரு ரேம் போடுவது பாதுகாப்பு.

'இன்ஸ்டால்டு' 8, 'யூசபிள்' சரியாகப் பாதி

என்னை அதிகம் யோசிக்க வைத்த அறிகுறி இது. 64-பிட் விண்டோஸ்தான், கிராஃபிக்ஸும் திருடவில்லை, ஆனால் 8.00 ஜிபிக்கு 3.90 யூசபிள். இரண்டு ரேமையும் மெஷின் பார்க்கிறது, ஒன்றைப் பயன்படுத்த மறுக்கிறது. எப்படி?

ஒவ்வொரு ரேமிலும் எட்டுக் கால் உள்ள குட்டிச் சிப் ஒன்று இருக்கும். ரேமின் ஜாதகம் அதில்தான் எழுதியிருக்கிறது: எத்தனை ஜிபி, என்ன வேகம், யார் செய்தது. டிடிஆர்3-இல் அது 256 பைட், டிடிஆர்4-இல் 512 பைட். பயாஸ் முதலில் இந்தச் சிப்பைத்தான் படிக்கிறது, அதற்கென்று தனியாக இரண்டு மெல்லிய கம்பிகள் உண்டு. படித்து முடித்த பிறகுதான் உண்மையான ரேமோடு பேச 64 டேட்டா கம்பிகளைச் சோதிக்கிறது. அந்தக் கம்பிகளில் ஒன்றில் தொடர்பு விட்டுப்போனாலும் அந்தச் சேனலையே, அதாவது அந்த ரேமுக்குப் போகும் பாதையையே, ஒதுக்கி வைத்துவிடும். ஜாதகம் படித்தாகிவிட்டதால் 'இன்ஸ்டால்டு' எண் முழுசாக நிற்கிறது, பேச முடியாததால் 'யூசபிள்' பாதியாகிறது. ரேம் இருக்கிறது, ஸ்லாட்டில் உட்கார்ந்திருக்கிறது, வழியில்தான் எங்கோ ஒரு கம்பி அறுந்திருக்கிறது என்று இதற்கு அர்த்தம்.

ஒரு ஜெராக்ஸ் கடையின் மெஷினில் இதைப் பார்த்தேன். 4-ஆம் தலைமுறை ஐ3, எச்81 போர்டு, 4 ஜிபி இரண்டு. "ஃபேன் சத்தம் போடுதுன்னு போன வாரம் கழட்டித் தொடச்சோம் தம்பி, அதுல இருந்து ஸ்லோ" என்றார் கடைக்கார அண்ணன். அந்த ஒரு வாக்கியம்தான் வழிகாட்டியது.

முதலில் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். முதல் ரேமை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டால் பூட் ஆகிறது. இரண்டாவது ரேமை அதே ஸ்லாட்டில் போட்டாலும் பூட் ஆகிறது. ஆக, ரேம் இரண்டும் நல்லவை. எதை எடுத்து இரண்டாவது ஸ்லாட்டில் தனியாகப் போட்டாலும் பீப் மட்டும்தான். இந்தச் சோதனையை நீங்களும் இதே வரிசையில் செய்யுங்கள், ஒவ்வொரு முறையும் கரண்டைப் பிடுங்கிவிட்டு. குறை ரேமோடு கூடவே நகர்ந்தால் ரேம் கெட்டது. ஸ்லாட்டிலேயே தங்கினால் ஸ்லாட், அல்லது அந்த ஸ்லாட்டுக்குப் போகும் வழி.

அந்த வழி ப்ராசஸருக்குத்தான் போகிறது. ஏஎம்டியில் 2003-இல் வந்த அத்லான் 64 காலத்திலிருந்தும், இன்டெல்லில் 2008-க்குப் பிறகும் மெமரியை ஆளும் பகுதி ப்ராசஸருக்குள்ளேயே வந்துவிட்டது. அதனால் ப்ராசஸர் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்தால் ரேம் காணாமல் போகும். மெஷின் மற்றபடி நன்றாகவே ஓடும், யாரும் சாக்கெட்டைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

கூலரைக் கழற்றி, ப்ராசஸரைத் தூக்கி, மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்து, இன்னொரு மொபைலின் கேமராவை ஜூம் செய்து பார்த்தேன். வரிசை வரிசையாக எல்லாப் பின்னும் ஒரே பக்கம் சாய்ந்து ஒரே மாதிரி மின்னுகின்றன. ஓர் ஓரத்தில் ஒன்று மட்டும் மின்னவில்லை, பக்கத்துப் பின் மேல் தலை சாய்த்துப் படுத்திருந்தது. லெட் எடுத்த 0.5 மில்லிமீட்டர் மெக்கானிக்கல் பென்சிலின் முனையை அதன் மேல் நுழைத்து, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினேன். கால் மணி நேரம் ஆயிற்று. தெர்மல் பேஸ்ட் தடவி மூடி ஆன் செய்தால் 7.89 யூசபிள்.

கை நடுங்குபவர்கள் இதைச் செய்ய வேண்டாம், பின் ஒடிந்தால் போர்டு போச்சு. செய்து பழகிய கடையில் கொடுங்கள். சாக்கெட்டைத் திறப்பதற்கு முன் இன்னும் எளிதான ஒன்றைச் செய்து பாருங்கள்: கூலர் ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் தளர்த்தி, எதிரெதிர் மூலையாகச் சமமாக இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகம் இறுகினாலும் ப்ராசஸர் சாய்ந்து சில பின்கள் தொடாமல் போகும். ஏஎம்4 ப்ராசஸர்களில் பின் ப்ராசஸரின் அடியில் இருக்கும், ஏஎம்5-இல் சாக்கெட்டில்.

பயாஸ் சரி, லினக்ஸ் சரி, விண்டோஸில் மட்டும் குறைகிறது

ரன் பெட்டியில் எம்எஸ்கான்ஃபிக் என்று அடித்து, பூட் பகுதியில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸைத் திறங்கள். 'மேக்ஸிமம் மெமரி' பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். மெஷினை வேகமாக்கும் வழி என்று பலர் இதை டிக் செய்யச் சொல்கிறார்கள். உண்மையில் அது குறைந்த மெமரியில் ஒரு நிரல் எப்படி ஓடும் என்று சோதிப்பதற்காக விண்டோஸ் எல்லையைச் சுருக்கும் அமைப்பு. அதில் கை வைத்தால் மெமரி குறையுமே தவிர ஒருபோதும் கூடாது.

விண்டோஸ் 7 இன்னும் ஓடும் இடங்களில் பதிப்பையும் பாருங்கள். ஸ்டார்ட்டர் 2 ஜிபிக்கு மேல் எடுக்காது, 64-பிட் ஹோம் பேசிக் 8, ஹோம் ப்ரீமியம் 16. விண்டோஸ் 10 ஹோம் 128 வரை போகும், அங்கே இந்தக் கவலை இல்லை.

ஒரு நாள் முழுசு, ஒரு நாள் பாதி

வெயில் ஏற ஏற, அல்லது மேஜையைத் தட்டினால் எண் மாறுகிறது என்றால் தொடர்பு தளர்ந்திருக்கிறது. மேலே சொன்ன சுத்தமும் அழுத்தமும் இதற்கும் பொருந்தும். அதற்கும் அடங்காவிட்டால் மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலைப் பென் டிரைவில் ஏற்றி, ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை வரி சிவப்பாக இருந்தாலும் ரேமை ஒவ்வொன்றாகப் போட்டு மறுபடி ஓட்டி, எது என்று பிரித்தெடுக்க வேண்டும்.

புது டிடிஆர்5 மெஷின் வைத்திருப்பவர்கள் ரேம் மாற்றியதும் திரை கறுப்பாகவே இருந்தால் பதறி பவரை அணைக்காதீர்கள். முதல் தடவை அது ரேமோடு பேசிப் பழகச் சில நிமிடம் எடுக்கும். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

இத்தனையும் செய்து ரேம்தான் கெட்டது என்று உறுதியானால், அதன் ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள். கிழிந்தால் வாரண்டி தர மறுப்பார்கள். பயாஸ் எண், இன்ஸ்டால்டு, யூசபிள், எந்த ரேம் எந்த ஸ்லாட்டில் என்ன ஆயிற்று என்பதை எல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அவர்கள் போர்டில், உங்கள் கண் முன்னாலேயே போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். புது ரேம் கொடுத்தால் அதையும் அங்கேயே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.